பத்து வெள்ளிக்குள் பழைய சிங்கப்பூர்: வரலாற்று நூல் வேட்டைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பழைய புத்தகக் கடையில் கண் மட்டத்தில் இருக்கும் தட்டு, கடைக்காரருக்கு விலை தெரிந்த தட்டு. ஆங்கிலத் தலைப்பு, வழவழப்பான மேலுறை, முதல் பக்க மூலையில் பென்சிலில் எழுதிய விலை எல்லாம் அங்கே இருக்கும். நமக்கு வேண்டியது தரையோடு ஒட்டிய கடைசித் தட்டு. முதுகில் எழுத்தே இல்லாத மெல்லிய புத்தகங்கள் அங்கே நெருக்கியடித்து நிற்கும். கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர், சங்க வெள்ளிவிழா மலர், தமிழர் திருநாள் மலர். முதுகு இல்லாததால் யாரும் உருவிப் பார்ப்பதில்லை. தமிழில் இருப்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரிவதில்லை. சிங்கப்பூர் வரலாற்றில் மலிவாகவும் அரிதாகவும் ஒரே நேரத்தில் கிடைக்கும் சரக்கு இதுதான். ஆங்கில நூல்களுக்குப் போட்டி போடப் பணம் வேண்டும். இதற்குத் தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு வட்டம்

"சிங்கப்பூர் வரலாறு" என்று பொதுவாகத் தேடப் போனால் மாலையில் இருபது புத்தகத்தோடு வீடு திரும்புவீர்கள், பதினேழை மறுபடி திறக்க மாட்டீர்கள். ஒரு வட்டாரமோ, ஒரு தொழிலோ, ஒரு பள்ளியோ, ஒரு கோயிலோ எடுத்துக்கொள்ளுங்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள், தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர்கள், சிராங்கூன் ரோட்டு மாட்டுக்கொட்டகைகள், தமிழ் அச்சகங்கள் என்று ஏதாவது ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டு: உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. 1946இல் தொடங்கி, பிறகு உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982இல் மூடப்பட்டது. சுமார் 36 ஆண்டுதான். அதைச் சுற்றி அச்சான மலர்கள், அறிக்கைகள், விழா நிகழ்ச்சி நிரல்கள் எண்ணிக்கையில் அடங்கக்கூடியவை. இப்படி எல்லை தெரிந்த பொருளை எடுத்தால் எது உங்களிடம் இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போட முடியும். பட்டியல் இருந்தால்தான் கையில் எடுத்த மலரைப் பத்து நொடியில் "வேண்டும், வேண்டாம்" என்று முடிவு செய்ய முடியும்.

மலரில் வாழ்த்துரைகளைத் தாண்டிப் பின்பக்கம் போங்கள். சரக்கு விளம்பரப் பக்கங்களில் இருக்கிறது. மளிகைக் கடை, நகைக் கடை, தையற்கடை, நாணய மாற்று வணிகர், சலவைக் கடை எல்லாம் முகவரியோடும் தொலைபேசி எண்ணோடும் சில நேரம் முதலாளியின் படத்தோடும் இருக்கும். அந்தத் தெருவே இன்று இல்லாமல் போயிருக்கலாம். எந்த வரலாற்று நூலிலும் இடம்பெறாத கடைகள் இந்தக் கால்பக்க விளம்பரங்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. நன்கொடையாளர் பட்டியலும் அப்படியே. யார் 5 வெள்ளி கொடுத்தார், யார் 500 கொடுத்தார் என்பது ஒரு சமூகத்தின் கணக்குப் புத்தகம்.

ஆங்கிலத்தில் பெரிய நூல்கள் வேண்டும் என்பவர்கள் அசலுக்கு ஆசைப்பட வேண்டாம். சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி 1902இல் இரண்டு பாகமாக வெளியிட்ட பழைய சிங்கப்பூர்த் தொகுப்புக்கு 1965இல் மலாயாப் பல்கலைக்கழக அச்சகமும் 1984இல் ஆக்ஸ்ஃபர்டும் மறுபதிப்புப் போட்டன. சொல் அதேதான், விலைதான் வேறு. டர்ன்புல்லின் சிங்கப்பூர் வரலாறு 1977, 1989, 2009 என மூன்று பதிப்பு கண்டது. வாசிக்க வாங்குபவர்கள் கடைசிப் பதிப்பைத் தேடலாம், 2005 வரை வருகிறது. முதல் பதிப்புக்கு அதிகம் கொடுப்பது சேகரிப்பாளரின் ஆசை, அதில் தப்பில்லை, ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலாயா இந்தியர்களைப் பற்றி கெர்னியல் சிங் சாந்து எழுதிய 1969 நூலும், சின்னப்பா அரசரத்தினம் எழுதிய 1970 நூலும் அடிப்படை. பின்னதற்கு 1979இல் திருத்திய பதிப்பு வந்தது, அதையே வாங்குங்கள்.

வீட்டிலேயே அரை நாள்

கடைக்குப் போகும் முன் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பட்டியலில் அரை நாள் செலவழியுங்கள். இங்கேதான் புதியவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய தமிழ் நூல்களின் பெயரைத் தமிழெழுத்தில் தட்டினால் சில கிடைக்கும், சில கிடைக்காது. நூலகர்கள் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதியும்போது ஒலிப்பைப் பார்ப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றுகிறார்கள். "ச" எங்கே வந்தாலும் ஆங்கில "சி" எழுத்துதான், "எஸ்" இல்லை. "க" எப்போதும் "கே", "ப" எப்போதும் "பி". ஆகவே சிங்கப்பூர் என்பது "சி, ஐ, என், கே, ஏ, பி, பி, யூ, ஆர்" (Cinkappur) என்று பதிவாகியிருக்கும். நாம் வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுவதுபோல் "எஸ்" போட்டுத் தேடினால் "முடிவுகள் இல்லை" என்று வரும். நூலகத்தில் இல்லாத அரிய நூல் என்று நினைத்து 80 வெள்ளி கொடுத்துவிடுவீர்கள். தமிழெழுத்து, நூலக எழுத்துமுறை, நம் வழக்கமான எழுத்துமுறை என்று மூன்று வழியிலும் தேடிய பிறகே "இல்லை" என்று சொல்லுங்கள்.

பட்டியல் பதிவில் பக்க எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கங்கள் எத்தனை, உடற்பக்கங்கள் எத்தனை, தனியாக ஒட்டிய படத்தாள்கள் எத்தனை, மடித்த வரைபடம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடையில் நிற்கும்போது இந்த ஒரு வரி உங்கள் வழக்கறிஞர்.

அடுத்தது, இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுக்காமல் இருப்பது. வாரியத்தின் புக்எஸ்ஜி தளத்தில் காப்புரிமை முடிந்த பல நூல்களை முழுதாகவே படிக்கலாம். நாட்டின் 50ஆம் ஆண்டையொட்டி 2015இல் முந்நூறுக்கும் மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னாக்கம் செய்யப்பட்டன. நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் இருக்கின்றன. நூல் வெளியான காலத்தில் வந்த அறிவிப்பையோ மதிப்புரையையோ அங்கே தேடிப் பிடித்தால் ஆண்டும் அன்றைய விலையும் உறுதியாகும். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் பல நூல்களை நேரில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஒரு முறை அசலைக் கையில் பிடித்துப் பார்த்தவர் அதன் தாளின் கனத்தையும் அட்டை நிறத்தையும் மறக்க மாட்டார், பிறகு தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார்.

1887 முதல் 1890 வரை வந்த "சிங்கை நேசன்" போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுகள் பத்து வெள்ளிக்குச் சிக்கும் என்று கனவு காண வேண்டாம். அவற்றைத் திரையில் படிப்பதோடு திருப்தி அடையுங்கள். மலிவு வேட்டைக்கு ஏற்ற காலம் ஏறத்தாழ 1950களிலிருந்து 1990கள் வரை.

எங்கே போவது

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்தான் தொடக்கம். 1980இல் திறந்ததிலிருந்தே இதற்குப் புத்தக நகரம் என்று பெயர். பாடநூலும் பயிற்சிப் புத்தகமும் விற்கும் கடைகளுக்கு நடுவே பழைய புத்தகக் கடைகள் ஒளிந்திருக்கும். தரைத்தளத்தோடு நின்றுவிடாமல் மேல்மாடிகளுக்கும் ஏறுங்கள். காலையில் சீக்கிரம் போனால் பாதிக் கதவு சாத்தியிருக்கும், பிற்பகல் நல்லது. "தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா" என்று கேட்டால் "நோ லா" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். கேட்கும் விதம் வேறு. "அங்கிள், ஓல்டு டெம்பிள் மேகசின், ஸ்கூல் மேகசின், இந்தியன் அசோசியேஷன் புக், எனிதிங் ஹேவ்?" பொருளைச் சொல்லிக் கேட்டால் அவர் கை தானாகவே ஏதாவது ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டும்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில், வாட்டர்லூ ஸ்திரீட் 96ஆம் எண்ணில் நியூ2யூ என்ற அறக்கொடைக் கடை இருக்கிறது. சால்வேஷன் ஆர்மியின் பழம்பொருள் கடைகளும் உண்டு. இங்கெல்லாம் புத்தகங்கள் வரிசைப்படுத்தப்பட்டிருக்காது. சமையல் குறிப்புக்கும் உடல்நலக் கையேட்டுக்கும் நடுவில் 1957 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை செருகியிருக்கலாம். அறக்கொடைக் கடையில் பேரம் பேசாதீர்கள். அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும்.

சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையைத் தேடி இன்னும் சிலர் போகிறார்கள். அது 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் கராங்கூனிக்காரரை விட்டுவிடாதீர்கள். உங்கள் புளோக்குக்கு வருபவரிடம் பழைய தாளோடு தமிழ்ப் புத்தகம் வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லி, எடைக்கு அவருக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கொடுங்கள். இரண்டு முறை சொன்ன சொல்படி வாங்கினால் மூன்றாம் முறை அவரே அழைப்பார். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் முந்தைய வாரங்களில் வீடுகள் ஒழிக்கப்படுகின்றன. பெரியவர் ஒருவர் காலமான வீட்டிலும், ஒட்டுமொத்த விற்பனைக்குப் போகும் அடுக்குமாடியிலும் புத்தகங்கள் அலமாரியோடு வெளியே வரும். துக்க வீட்டில் உடனே கேட்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உறவினர் வழியாக, காரியம் எல்லாம் முடிந்த பிறகு, "அண்ணே, மாமாவோட பழைய மலர் ஏதாவது தூக்கிப் போடுறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று ஒருமுறை சொல்லி வைத்தால் போதும்.

இணையத்தில் கரவ்செல்தான் பெரிய சந்தை. விற்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது, ஆகவே தலைப்பைத் தட்டித் தேடுவது வீண். "ஓல்டு இந்தியன் புக்", "டமில் மேகசின்", "டெம்பிள் சுவனீர்" போன்றவற்றை ஆங்கிலத்தில், எழுத்துப் பிழையோடும் சேர்த்துத் தேடுங்கள். அதைவிட நல்ல வழி, பழைய பொருட்களை மொத்தமாக அடுக்கிப் படம் போட்டிருப்பவர்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது. பீங்கான் கோப்பைக்குப் பின்னால் ஒரு மலரின் மூலை தெரியும். வாங்கும் முன் ஐந்து படம் கேளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம், கீழ்முனையிலிருந்து பார்த்த முதுகு. எம்ஆர்டி நிலையத்தில் சந்தித்து வாங்கினால் பையிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்த பிறகே பேநவ்வில் பணம் அனுப்புங்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் எழுத்தாளர்களின் தமிழ் நூல்கள் பல சென்னையில்தான் அச்சாகின. இங்கே கண்ணில் படாத பதிப்பு திருவல்லிக்கேணியின் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கலாம். அங்கே அது "வெளிநாட்டு எழுத்தாளர்" குவியலில் கிடக்கும்.

வெளிநாட்டுத் தளங்களில் வாங்கினால் இரண்டு எச்சரிக்கை. அஞ்சல் செலவு நூலின் விலையைத் தாண்டும், அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் வரலாம். 2023லிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும் அந்த வரி உண்டு. இரண்டாவது, "தேவைக்கேற்ப அச்சிடப்படும் மறுபதிப்பு" என்ற வகை. புக்எஸ்ஜியில் இலவசமாக இருக்கும் அதே மின்படியை மங்கலாக அச்சடித்து, மடிப்பு வரைபடத்தை மடித்த நிலையிலேயே படம் பிடித்து 50 வெள்ளிக்கு விற்பார்கள். நூறாண்டுப் பழைய நூலுக்கு மின்னும் புதிய அட்டைப் படம் போட்டிருந்தால் விலகிவிடுங்கள்.

கையில் எடுத்ததும் இரண்டு நிமிடம்

முதலில் முகருங்கள். வெயிலடித்த பழைய தாளின் வாசனை வேறு, ஈரமான துணிமூட்டையின் வாடை வேறு. பின்னது பூஞ்சணம். அட்டையின் உட்புறம் வெண்மையாகவோ பச்சையாகவோ தூள் படிந்து, விரலில் ஒட்டினால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. எத்தனை அரிதானாலும் புதியவர்கள் வைத்துவிட்டு வருவதே நல்லது, வீட்டில் இருக்கும் மற்ற நூல்களுக்கும் பரவிவிடும். தாளில் பரவலாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பார்வைக்குத்தான் அசிங்கம், வாங்கலாம்.

அடுத்து நடுப்பக்கத்தைத் திறங்கள். மலர்களெல்லாம் கம்பித் தையல். சிங்கப்பூர் ஈரக்காற்றில் அந்தக் கம்பி துருவேறி, துரு தாளைத் தின்று, நடுத்தாள் இரண்டும் தனியாகக் கழன்றிருக்கும். அங்கேதான் பெரும்பாலும் குழுப் படங்கள் இருக்கும். நடுத்தாள் காணாமல் போன மலருக்குப் பாதி விலைகூட அதிகம். வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சான படப் பக்கங்கள் ஒருமுறை நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பலகை ஆகிவிடும். பிரிக்க முடியாது, முயன்றால் முகங்கள் உரிந்து வரும். ஆகவே படப்பகுதியை விசிறி போலப் பிரித்துப் பாருங்கள்.

முன்னும் பின்னும் தாள்களில் சின்னச் சின்ன வளைந்த சுரங்கங்கள் தெரிந்தால் இராமபாணப் பூச்சியோ வண்டோ போன தடம். புத்தகத்தை வெள்ளைத் தாளின் மேல் மெல்லத் தட்டுங்கள். புதுத் தூள் கொட்டினால் பூச்சி உள்ளேயே குடியிருக்கிறது.

நூலக முத்திரை இருந்தால், "கழிக்கப்பட்டது" என்ற பொருளில் ரத்து முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல வாங்கல், முத்திரை விலையைக் குறைத்திருக்கும். இன்றும் இயங்கும் நூலகத்தின் முத்திரை மட்டும் இருந்து ரத்து இல்லையென்றால் வாங்காதீர்கள். அது யாரோ திருப்பித் தராத நூல்.

இனி ஆண்டு. மலர்களிலும் சிறு வெளியீடுகளிலும் ஆண்டு போடாமல் விட்டிருப்பது சகஜம். விற்பவர் "1960ஸ்" என்று அடித்துச் சொல்வார். நம்பாமல் முகவரியைப் படியுங்கள்.

சிங்கப்பூர் முகவரிகள் தாங்களே காலத்தைச் சொல்லும். "சிங்கப்பூர் 8" என்று ஒன்றிரண்டு இலக்க வட்டார எண் இருந்தால் 1950க்குப் பிறகு, 1979க்கு முன். நான்கு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1979க்கும் 1995க்கும் இடையில். ஆறு இலக்கம் 1995 செப்டம்பரில் வந்தது. தொலைபேசி எண் எட்டு இலக்கமாகி 6இல் தொடங்கினால் 2002க்குப் பிந்தியது. விலையைச் சிங்கப்பூர் வெள்ளியிலும் மலேசிய வெள்ளியிலும் தனித்தனியாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் 1973க்குப் பிறகு, அந்த ஆண்டு மே மாதம்வரை இரண்டும் சமமாகச் செல்லுபடியாயின. நூலுக்குத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண் 9971 அல்லது 981 என்று தொடங்கினால் சிங்கப்பூர்ப் பதிப்பாளர். எண் முழுவதும் 13 இலக்கமாக இருந்தால் 2007ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்துத் தாள் ஏதாவது கையில் பட்டால் ஆண்டு 2602, 2603 என்று இருக்கக்கூடும். அச்சுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு, 2602 என்றால் 1942. முஸ்லிம் வெளியீடுகளில் ஹிஜ்ரி, கோயில் வெளியீடுகளில் தமிழ் ஆண்டுப் பெயர், இயக்கம் சார்ந்தவற்றில் திருவள்ளுவர் ஆண்டு. கடைசியானதில் 31ஐக் கழித்தால் போதும். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதுதான் சிக்கல். சர்வசித்து என்றால் 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம், 2007ஆகவும் இருக்கலாம். தாளைத் தொட்டாலே அதில் இரண்டு விழுந்துவிடும்.

எழுத்தையும் பாருங்கள். லை, ணை, றா, னா ஆகியவை பழைய வடிவத்தில் (கொம்பு வைத்தும் சுழித்தும்) இருந்தால் எழுத்துச் சீர்திருத்தம் பரவுமுன் அச்சானது என்று கொள்ளலாம். தமிழ்நாட்டில் அதற்கான அரசாணை 1978இல் வந்தது. பழைய அச்செழுத்தைத் தூக்கிப் போட மனமில்லாத அச்சகங்களும் இருந்திருக்கும், ஆகவே இது துணைச் சான்று மட்டுமே.

ஒன்றைச் செய்து பார்ப்போம். ஆண்டில்லாத ஒரு சங்க மலர். விளம்பரங்களில் நான்கு இலக்க அஞ்சல் குறியீடு, ஆகவே 1979 முதல் 1995 வரை. வாழ்த்துரை அதிபர் தேவன் நாயரிடமிருந்து, அவர் பதவியில் இருந்தது 1981 அக்டோபர் முதல் 1985 மார்ச் வரை. உள்ளே "நமது 40ஆம் ஆண்டு நிறைவு" என்று ஒரு வரி. சங்கம் தொடங்கிய ஆண்டை நூலகப் பட்டியலில் பார்த்துக் கூட்டினால் ஆண்டு கிடைத்துவிடும். நின்ற இடத்தில் மூன்று நிமிட வேலை. சேகரிப்பில் கிடைக்கும் சந்தோஷத்தில் முக்கால் பங்கு இந்த மூன்று நிமிடத்தில் இருக்கிறது, வீட்டுக்குப் போய் அடுக்கி வைப்பதில் இவ்வளவு சுகம் இல்லை.

விலை

ஒரு நாளைக்கு 30 வெள்ளி என்று உச்சவரம்பு வைத்துக்கொண்டு, ரொக்கமாக எடுத்துப் போங்கள். மலர் ஒன்றுக்கு 5 முதல் 15, மறுபதிப்பு நூலுக்கு 20 முதல் 40 என்று உங்களுக்கு நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டும் நூலை உடனே வாங்காமல் ஒரு வாரம் காத்திருங்கள். தமிழ் மலருக்கு அதற்குள் ஆள் வருவது அபூர்வம்.

தேடியது கிடைத்ததும் முகத்தில் காட்டாதீர்கள். அதை இன்னும் இரண்டோடு சேர்த்து, நடுவில் வைத்து நீட்டி, "அங்கிள், த்ரீ டுகெதர் ஹவ் மச்?" என்று கேளுங்கள். ஒன்றுக்குத் தனியாக விலை கேட்டால் அதை அவர் எடுத்துப் புரட்டுவார், படங்கள் கண்ணில் படும், விலை ஏறும். ஆனால் மதிப்புத் தெரியாத முதியவர் ஒருவர் வீட்டிலிருந்து 2 வெள்ளிக்கு அள்ளிக்கொண்டு வருவது வேறு விஷயம். அங்கே நியாயமான விலையை நீங்களே சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

நேராக அலமாரிக்குள் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. புதிதாக வந்த எதையும் ஜிப் பையில் போட்டு இரண்டு வாரம் தனியே வையுங்கள். பையின் அடியில் தூளோ பூச்சியோ தெரிந்தால் உறைய வைக்கலாம். காற்றை வெளியேற்றி, இரண்டு பைக்குள் இறுக்கி மூடி, வீட்டு ஃப்ரீசரில் சுமார் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரக்காற்று குளிர்ந்த தாளில் வியர்த்து, பூச்சியிடமிருந்து காப்பாற்றியதைப் பூஞ்சணத்திடம் கொடுத்ததாகும். தோல் அட்டை நூலையும் ஒட்டிய புகைப்படங்கள் உள்ள ஆல்பத்தையும் இப்படிச் செய்யாதீர்கள்.

லேசான மக்கல் வாடைக்கு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவை வைத்து, புத்தகத்தை அதைத் தொடாதபடி சற்று விரித்து நிறுத்தி ஒரு வாரம் விடுங்கள். வெயிலில் காயவைப்பது ஊர்ப் பழக்கம். இங்கே அரை மணியில் அட்டை வில்லாக வளைந்துவிடும், அச்சு வெளுக்கும்.

துருப்பிடித்த கம்பியைப் பிடுங்கி எடுக்கக் கூடாது. நடுப்பக்கத்தைத் திறந்து வைத்து, கம்பியின் மடிந்த இரண்டு காலையும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் நிமிர்த்தி, மறுபுறமிருந்து தள்ளி எடுங்கள். அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் இறுக்காமல் ஒரு தையல் போட்டு நடுவில் முடிச்சிடுங்கள். பத்து நிமிடம் ஆகும், மலரின் ஆயுள் கூடும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டில் அது மஞ்சளாகிப் பிசின் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க வழியில்லை. ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் வாங்கிப் பழகும்வரை கிழிசலைக் கிழிசலாகவே விடுங்கள்.

சிங்கப்பூரில் தாளுக்கு எதிரி காற்றின் ஈரம். 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் தலைகாட்டும், நம் வீட்டுக் காற்று பெரும்பாலான நாள் அதற்கு மேல்தான். இருபது முப்பது மலர் சேர்ந்ததும் கேமரா வைக்கும் டிரை கேபினட் ஒன்றைப் பழையதாக வாங்கி 50ஐ ஒட்டி வையுங்கள். 30க்கு இறக்கினால் தாள் முறுமுறுத்துப் போகும். அதற்குமுன், மூடி இறுகும் பெட்டி, சிலிக்கா ஜெல், பத்து வெள்ளிக்குள் ஓர் ஈரப்பதமானி போதும். ஜெல் நிறம் மாறியதும் காயவைக்க மறந்தால் பெட்டிக்குள் ஈரத்தைப் பூட்டிவைத்தது போலாகும். குளியலறைச் சுவரோடும் வெளிச்சுவரோடும் அலமாரியை ஒட்டி நிறுத்தாதீர்கள், ஒரு கை இடைவெளி விடுங்கள். கரையான் வரும் வழியும் அதுதான்.

நூலுக்குள் பழைய கடிதம், ரசீது, பேருந்துச் சீட்டு கிடைத்தால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலில் ஒரு துண்டுத் தாளில் குறித்து, இரண்டையும் உறையில் போட்டு நூலோடு வையுங்கள். தனியாகப் பிரித்த ரசீது வெறும் ரசீது. அதில் இருக்கும் தனிப்பட்டவர்களின் பெயரையும் முகவரியையும் படம் பிடித்து ஊருக்குக் காட்ட வேண்டாம், அவர்களின் பிள்ளைகள் இங்கேதான் இருப்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி பதிவு: தலைப்பு, வெளியிட்டவர், அச்சகம், ஊகித்த ஆண்டும் ஊகத்துக்குக் காரணமும், பக்கங்கள், குறைபாடு, எங்கே எவ்வளவுக்கு வாங்கியது. அச்சகத்தின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். ஐம்பது பதிவு ஆனதும் அந்த ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தால், சிங்கப்பூரில் எந்தத் தமிழ் அச்சகம் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு இடம் மாறியது என்பது தெரிய ஆரம்பிக்கும்.

நூலகப் பட்டியலில் மூன்று வழியிலும் தேடி அகப்படாத மலர் உங்களிடம் இருந்தால், முழுதாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நூலக வாரியத்துக்கு எழுதிக் கேளுங்கள். அட்டை, தலைப்புப் பக்கம், அச்சக வரி என்று மூன்று படம் இணைத்தால் பதில் சீக்கிரம் வரும். இரண்டு படி வைத்திருப்பவர்கள் நல்ல படியையே கொடுங்கள். நடுத்தாள் இல்லாததை நூலகத்துக்குத் தள்ளிவிட்டு நல்லதை நாம் வைத்துக்கொள்வது, பந்தியில் வடையை எடுத்துக்கொண்டு இலையை நீட்டுவது மாதிரி.